அந்நிய பாஷையும் அண்ணனின் பல்செட்டும்

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஆளுக்கொரு தாளைக் கையில் திணித்தார். ‘உங்கள் ஆவிக்குரிய வரம் எது?’ அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டம். எந்த வரத்துக்கு அதிக டிக் விழுகிறதோ, அதுதான் பரிசுத்த ஆவியானவர் நமக்குக் கொடுத்ததாம். இத்தனை காலம் இந்தத் தாள் இல்லாமல் ஆவியானவர் எப்படிச் சமாளித்தாரோ, பாவம்.

எனக்கு நல்ல பசி. கடகடவென்று டிக் போட்டுக்கொண்டே போனேன். ஒரு கேள்வியில் மட்டும் கை நின்றது: ‘பிறருக்குப் புரியாத பேச்சு எனக்குப் புரிகிறது.’ எப்போதும் என்று போட்டேன். அது பொய்யில்லை. இருபத்தாறு வருஷமாகப் பல்செட் செய்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் வாயில் பல்லே இருக்காது, பாதி நேரம் மெழுகு வேறு நிறைந்திருக்கும். அவர்கள் சொல்வது பல் டாக்டருக்குப் புரியாவிட்டால் பட்டறையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்.

ஜூன் 4, செவ்வாய்

போதகர் போன் செய்தார். “சிஸ்டர், உங்களுக்கு அர்த்தம் சொல்ற வரம் வந்திருக்கு!” ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அந்நிய பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரமாம். நான் சிரித்துவிட்டேன்.

மாடியில் குடியிருக்கும் அண்ணன் சிரிக்கவில்லை. எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற தையல்காரர். ஞாயிறு தவறாமல் ஆவி நிறைந்து, இரண்டு கையையும் தூக்கி, உலகத்தில் யாருக்கும் தெரியாத அந்நிய பாஷையில் பேசுவார். ஜனவரியில் இந்தப் புதுப் போதகர் வந்தார். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் அந்நிய பாஷை கூடாது, பைபிளில் பவுலே விதி போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதமாக அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அண்ணி இறந்த பிறகு அவர் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம் அதுதான். எனக்கும் தெரியும்.

“எனக்காகத்தான் உனக்கு அந்த வரம்” என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அண்ணே, பசியில டிக் போட்டேன்.”

“பசியிலயும் ஆவியானவர் நடத்துவாரு.”

இந்த மனுஷனிடம் வாதாடி ஜெயிக்க முடியுமா?

ஜூன் 9, ஞாயிறு

செய்துவிட்டேன். என்ன செய்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் எழுந்தார், கையைத் தூக்கினார், ஐந்து மாதத்துப் பாக்கியையும் சேர்த்துப் பொழிந்து தள்ளினார். முடித்ததும் மைக் என் கைக்கு வந்தது. நூற்றி இருபது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்கோ ஒரு எழுத்து புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் வாயை மறுபடி பூட்டிவிடுவார்களே?

அந்த நேரம் பார்த்து என் முதுகில் வியர்வை ஓடியது. பெண்கள் பக்கத்து ஃபேன் ஐந்து வருஷமாகச் சுற்றவில்லை.

“என் குமாரத்திகள் வெந்துபோவதைக் கண்டேன், அவர்கள்மேல் காற்று வீசச் செய்யுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார்” என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த ஆமென் கூரையைத் தூக்கியது.

ஜூன் 10, திங்கள்

புது ஃபேன் மாட்டிவிட்டார்கள். ஃபேனுக்காகச் சபைக் கமிட்டிக்கு நான் எழுதின நாலு மனுவுக்கும் பதிலே வந்ததில்லை.

ஜூன் 12, புதன்

அண்ணனுக்குப் புதுச் செட் போட்டுவிட்டேன். கீழ்ச் செட்தான் எல்லோருக்கும் தகராறு, நாக்கு தள்ளிவிடும். இதை மூன்று தடவை உரசிச் சரிபார்த்தேன். இருமச் சொன்னேன், கத்தச் சொன்னேன், ஆப்பிளைக் கடிக்கச் சொன்னேன். அசையவில்லை. வேறு எதில் நான் தில்லுமுல்லு செய்தாலும், பல்லில் செய்யமாட்டேன்.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அன்னிக்கு ஆண்டவர் நெஜமாவே காத்தப் பத்தியா பேசினாரு?”

“பேசினது நீதானே, உனக்குத் தெரியாதா?”

“எனக்கெப்படித் தெரியும்? அதுக்குத்தானே நீ.”

அதற்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிப் போகவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு. மதியம். ஆஸ்பத்திரி வராந்தா

கையில் டைரி இல்லை. பையில் கிடந்த அந்த அறுபது கேள்வித் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். எழுதாமல் சும்மா உட்கார முடியவில்லை.

பாட்டு முடிந்து அண்ணன் எழுந்தார். பேச ஆரம்பித்தார். ஆனால் வலது கை மட்டும்தான் மேலே போனது. ஏன் ஒரு கை? — பேச்சும் வேறு மாதிரி. இழுத்து இழுத்து. ஆர்கன் வாசிக்கிற அம்மா அல்லேலூயா என்று கத்தினாள், எல்லோரும் கத்தினார்கள். “இன்னிக்கு அபிஷேகம் இரட்டிப்பு!” என்றார் போதகர். மைக்கை என்னிடம் நீட்டினார்.

அப்போது கீழ்ச் செட் நழுவி அண்ணன் சட்டைமேல் விழுந்தது.

என் செட் விழாது. இருமினாலும் விழாது, கத்தினாலும் விழாது. விழுந்தால் வாய்தான் கோணியிருக்க வேண்டும். பார்த்தேன். இடது பக்க உதடு தொங்கிக் கிடந்தது. அவர் பேசியது அந்நிய பாஷையே இல்லை. தமிழ். கை தூக்க முடியல, கை தூக்க முடியல — அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றி நூறு பேர் நின்று கைதட்டுகிறார்கள்!

மைக்கில் கத்தினேன்: “ஆம்புலன்ஸ்!”

போதகர் கண்ணை மூடி, “ஆம்புலன்ஸ்... அதோட ஆவிக்குரிய அர்த்தம் என்ன, சிஸ்டர்?” என்றார்.

“அர்த்தம் ஆம்புலன்ஸ்தான்யா! ஸ்ட்ரோக்கு! போனை எடு!”

எடுத்தார். நல்லவேளை, எடுத்தார். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டோம், ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட முடிந்தது என்று டாக்டர் சொன்னார். பிழைப்பாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? இதற்கு யார் அர்த்தம் சொல்வார்கள்?

ஜூன் 24, திங்கள்

ஆண்டவரே, உம்முடைய பெயரைச் சொல்லி ஃபேன் வாங்கினது நான். அண்ணனுக்கு அதில் சம்பந்தமே இல்லை. வேண்டுமானால் ஏணி போட்டு நானே கழற்றிக் கீழே வைத்துவிடுகிறேன். அவரை எடுத்துக்கொள்ளாதீர்.

ஜூன் 28, வெள்ளி

பிழைத்துவிட்டார். பேச்சுத்தான் குழறுகிறது. நர்ஸ்களுக்கு ஒன்றும் விளங்காமல் நிமிஷத்துக்கொரு தடவை என்னைக் கூப்பிடுகிறார்கள். தலையணை உயரம் என்கிறார், பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை தாங்கலை என்கிறார். எல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. பல்லில்லாத வாய்தானே!

இதைப் போய் வரம் என்று சொல்வார்களா? யாராவது சொன்னால் சிரிப்பேன். கொஞ்சம் அழுதாலும் அழுவேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் செய்தார். சும்மா சொல்லக்கூடாது, சுருக்கமாகவே செய்தார்.

அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொல்லிவிட்டுப் பாதி வாயால் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயா என்ன சொல்றாங்க, சிஸ்டர்?”

நாக்கு நுனியில் ஒரு ஆசீர்வாதம் தயாராக வந்து நின்றது. போதகருக்கும் பிடித்திருக்கும், வேலையும் முடிந்திருக்கும். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஃபேனைப் பத்தி ஆண்டவர் ஒண்ணும் சொல்லல, எல்லாம் இவளா அவிழ்த்துவிட்டதுன்னு சொல்றார், பாஸ்டர். நெஜம்தான்” என்றேன்.

போதகர் பைபிளை மூடிப் பையில் வைத்தார். பிறகு, “ஃபேன் நல்லாத்தான் சுத்துது” என்றார். அந்த அறுபது கேள்வித் தாள்கள் இன்னும் ஐந்நூறு அச்சடித்து வைத்திருக்கிறாராம், என்ன செய்வதென்று தெரியவில்லையாம். பின்பக்கம் எழுத நல்ல தாள் என்றேன்.

அவர் போன பிறகு செட்டைக் கழுவி எடுத்துவந்தேன். ஒரு மாதமாகக் கிண்ணத்துத் தண்ணீரிலேயே கிடந்தது. மேலே போட்டேன், கீழே போட்டேன். ஒரு துண்டு ரொட்டி கொடுத்தேன். மென்றார். கையைத் தூக்கு அண்ணே என்றேன். வலது கை மேலே போனது. இடது கை தோள் வரை வந்து நின்றது.

அப்படியே கண்ணை மூடி அவருடைய பாஷையில் பேச ஆரம்பித்தார். ஒரு எழுத்து புரியவில்லை எனக்கு. முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். செட் விழவில்லை.