கடைக்குப் போயிருக்காங்க

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா போய் இரண்டு வருஷமாகியும் அப்பா தினமும் "உங்கம்மா எங்க?" என்று கேட்பார். நான் "கடைக்குப் போயிருக்காங்கப்பா" என்பேன். "குடை எடுத்துட்டுப் போனாளா?" என்று விசாரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அவ்வளவுதான், அதற்கப்புறம் மறந்துவிடுவார்.

போன ஞாயிறு உன்னிடமும் கேட்டார். நீ உன் சமூகப்பணி ஆபீசில் பழகியபடி நாற்காலியை அவர் உயரத்துக்கு இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து, மெதுவான குரலில் அம்மா செத்துப்போன உண்மையைச் சொன்னாய். அவர் அழுதார், நீயும் அழுதாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் நீ போய்விட்டாய். அழுகை போகவில்லை.

அன்றிலிருந்து நான் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். "நீ மறைச்சிட்ட" என்கிறார். எதை மறைத்தேன் என்பது அவருக்கு மறந்துவிட்டது. மறைத்தவள் நான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இவரை இப்படி விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அச்சக முதலாளி சொல்லிவிட்டார். பற்றவைத்தவள் நீ, நீயே வந்து அணை. கொஞ்ச நாள் அப்பாவோடு இரு.

தங்கை


ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படிக்கும்போது நீ மிகவும் சோர்ந்திருக்கிறாய், கோபமாகவும் தனிமையாகவும் உணர்கிறாய் என்று தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது. உன்னையும் நீ கவனித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் துக்கத்துக்கு நாம் இடம் கொடுக்க வேண்டும். இந்த மாதம் வீடு வீடாகப் போகிற வேலை இருப்பதால் விடுப்பு கிடைப்பது கடினம். உன் எதிர்பார்ப்புகளைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.

என்றும் உன்னோடு,
உன் அக்கா


ஜூன் 13

மேடம்,

சோறு கேட்டால் கண்ணாடியைக் காட்டுகிறாய். நான் சோர்ந்திருக்கிறேன் என்பதை நீ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமா?

'என்றும் உன்னோடு' என்று எழுதியிருக்கிறாய். தேடிப் பார்த்தேன். அப்பாவின் படுக்கைத் துணியை அலசும்போது பக்கத்தில் யாரும் இல்லை. உன்னிடம் வருகிறவர்கள் பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், உன்னைத் தெய்வம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு எழுந்து போக இடமில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

சின்ன வயதில் என் பென்சிலை உடைத்துவிட்டு என்னையே கடிப்பாயே, அந்த அக்கா எவ்வளவோ தேவலை. அவளுக்கு என்மேல் கோபமாவது வந்தது.


ஜூன் 16

அடியே வாலு,

கோபம்தானே வேண்டும்? வாங்கிக்கொள்.

அப்பாவை நீ மட்டும்தான் பார்க்கிறாயா? ஆமாம், நீ மட்டும்தான். அதைச் சொல்லிக்காட்டாத நாள் உண்டா? நான் வரும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று "வாங்க மேடம், எந்த ஆபீஸ்?" என்கிறார். நான் மகள் என்று அவருக்குப் பிடிபடவே அரை நாளாகிறது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் தயங்காமல் நுழைகிறவள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன். மகளாக உள்ளே வர முடியாததால்தான் ஆபீஸ்காரியாக வருகிறேன்.

அவர் நன்மைக்காகச் சொன்னேன் என்றா நினைத்தாய்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அம்மாவைத் தினமும் கடைக்கு அனுப்பிவிடுகிறாய். அம்மாவுக்காக என்னோடு சேர்ந்து அழ அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. நீ அழுது நான் பார்த்ததே இல்லை. அதனால் அவரை அழவைத்தேன். போதுமா?


ஜூன் 20

அக்கா,

போதும். இப்போதுதான் நீ எழுதியிருக்கிறாய்.

நான் எப்போது அழுவது? அழுதால் "என்னாச்சும்மா?" என்று கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

என் கோபம் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நீ வா. வந்தால் அப்பா அதே கேள்வியைக் கேட்பார். என்ன சொல்வாய்? அதை மட்டும் எழுது. 'உன் உணர்வு புரிகிறது' என்று ஆரம்பித்தாயானால் மேற்கொண்டு படிக்காமல் கிழித்துப் போடுவேன்.

வாலு


ஜூன் 23

வாலு,

"கடைக்குப் போயிருக்காங்கப்பா. குடை எடுத்துட்டுத்தான் போனாங்க."

இங்கே தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இப்போது குரல் உடையாமல் வருகிறது.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். திரும்பிவர டிக்கெட் எடுக்கவில்லை. நீ அச்சகத்துக்குப் போய்விட்டு வா. அப்பா தூங்கியதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இரண்டு பேரும் அழலாம்.

அக்கா