முதுகு ஆபரேஷன் இல்லை, கண்ணு

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் புரண்டுகொண்டிருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவது முறை. அப்பா நலம். நான் நலமா இல்லையா என்பதில்தான் பெரிய குழப்பம் பண்ணி வைத்திருக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை உட்கார்ந்து நிதானமாகப் படி. எனக்கு முதுகெலும்பில் ஒன்றும் இல்லை. தண்டுவடம், தட்டு, நரம்பு என்று நீ போனில் அழுதுகொண்டே கேட்டதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. முதுகில் யாரும் கத்தி வைக்கப் போவதில்லை, கை கால் விழுந்துவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்குச் செய்யப்போவது மார்பைச் சிறிதாக்குகிற ஆபரேஷன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது, உன் கால் வீக்கம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் மனப்பாடம். அதனால்தான் அம்மாவின் கடிதம் வரும்வரை பொறு என்று அப்பாவைச் சொல்லச் சொன்னேன். சலவைக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம் இது, பாய்லரை அணைத்துவிட்டு, தேய்க்கிற மேசையிலேயே தாளை விரித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசையின் மெத்தைதான் காரணம், கை நடுக்கம் என்று அதற்கும் பயந்துவிடாதே.

எனக்குக் கழுத்தும் தோளும் வலிப்பது உனக்குப் புதிதில்லை. நாள் முழுக்கக் குனிந்து நின்று ஹோட்டல் படுக்கை விரிப்புகளையும் கோட்டுகளையும் தேய்க்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் தைலத்தைத் தடவிக் காலத்தை ஓட்டினேன். பிராவின் பட்டை தோளில் பள்ளம் போட்டுவிட்டது, அந்த இடத்தில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வேன். நீராவி வெக்கையில் வேர்த்து மார்புக்கு அடியில் தோல் புண்ணாகும், அங்கே ஒரு பருத்தித் துண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கடையில் காலருக்குக் கஞ்சி போடுகிற பெண்ணை உனக்குத் தெரியாது, என்னைவிடச் சின்னவள்தான், விறைப்பான பேச்சுக்காக எல்லாரும் கஞ்சியக்கா ஆக்கிவிட்டோம். உடை மாற்றும் அறையில் என் தோளைப் பார்த்துவிட்டு, “ஒட்டுப் போட்ட துணி மாதிரி எத்தன நாளைக்கு ஓட்டுவ? முதுகுக்குத் தைலம் தடவுற, கனம் முன்னாடி தொங்குது. போய் டாக்டர்கிட்ட காட்டு” என்றாள். அவள் சொல்லியிராவிட்டால் நான் இன்னும் தைலக் கணக்கில்தான் இருந்திருப்பேன். பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, போன மாதம்தான் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

உன் அப்பா ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார். உள்ளே பெண்கள் மட்டும் என்றதால் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். நான் வெளியே வந்ததும், அந்த நீள வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, “என்னவாம்? எதுல ஆபரேஷன் பண்ணணுமாம்?” என்று தன் காதுக்குக் கேட்கிற சத்தத்தில் கேட்டார். வராந்தாவே என் வாயைப் பார்த்தது. நான், “முதுகு வலிக்கு” என்றேன். முழுப் பொய் இல்லை பார், வலி முதுகில்தானே. ஆனால் வேனில் ஏறிய பிறகாவது திருத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்ததும் நாளைக்கு என்று நினைத்தேன். அதற்குள் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிட வருகிற தாய்மார்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. ஒருத்தி எலும்பு டாக்டரின் நம்பர் கொடுத்தாள். உன் மாமா கல்லு மாதிரி ஒரு மெத்தையைச் சுமந்துகொண்டு வந்து, அக்கா இனிமேல் இதில்தான் படுக்க வேண்டும் என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நானும் வாயை மூடிக்கொண்டு அதில் படுத்தேன். இப்போது நிஜமாகவே முதுகு வலிக்கிறது.

இதெல்லாம் சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன், சிரிப்பு வரவில்லை கண்ணு. அப்பா உனக்கும் போனில் சொல்லிவிட்டார் என்பது, நீ எட்டு மாத வயிற்றோடு கிளம்பி வருகிறேன் என்று அழுத அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விமானத்தில் ஏறக் கூடாது என்று உன் டாக்டர் சொன்ன பிறகும் மாப்பிள்ளையோடு சண்டை போட்டாயாம். நான் பக்கத்திலேயே நின்றேன். ஸ்பீக்கரில் உன் அழுகை கூடம் முழுக்கக் கேட்டது. அப்போதும் என் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அழவைத்து வேடிக்கை பார்த்த தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கப்பட்டது என்னுடைய குற்றம், அதற்குத் தண்டனை உனக்கு. என்னை மன்னிக்கிறாயோ இல்லையோ, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வை.

இனி டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன், தெரியாத இடத்தில்தான் பயம் குடியிருக்கும். முதலில் கத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை, கேள்விகள்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை உண்டா, புகை பிடிப்பீர்களா என்றார். ஆவி பிடிப்பதோடு சரி, அதுவும் கடை ஆவி என்றேன், சிரித்துவிட்டார். சர்க்கரை கொஞ்சம் எல்லையைத் தொடுகிறதாம், குறைத்துக்கொண்டு வந்தால்தான் புண் சீக்கிரம் ஆறுமாம். பிறகு டேப் வைத்துக் கழுத்தெலும்பிலிருந்து அளந்தார், முகம் தெரியாமல் போட்டோ எடுத்தார்கள். அந்த நேரம் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது ஓடாத கடிகாரம். மேமோகிராம் என்று தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள், கட்டி எதுவும் இல்லை, அதை இரண்டு தரம் படித்துக்கொள். ஆபரேஷன் அன்று காலையில் நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்களாம், படுத்தால் அளவு மாறிவிடுமாம். மயக்க மருந்து கொடுத்து இரண்டு மூன்று மணி நேரம். காம்பைச் சுற்றி ஒரு வெட்டு, அங்கிருந்து நேர் கீழே ஒன்று, அடி மடிப்போடு ஒன்று. உள்ளே இருக்கிற அதிகப்படியை எடுத்துவிட்டு, காம்பை மேலே ஏற்றி வைத்துத் தைப்பார்கள். எடுத்ததையும் சோதனைக்கு அனுப்புவார்கள். தழும்பு மங்கும், மறையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பி வராமலே போகலாம். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமையும் என்று நம்பாதீர்கள், வடிவம் நிலைக்கவே பல மாதம் ஆகும் என்றார். கழுத்து வலி போய்விடுமா என்று கேட்டேன். பெரும்பாலும் நன்றாகக் குறையும், விரல் மரத்துப்போவதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம் என்றார். சத்தியம் பண்ணிக் கொடுக்காத டாக்டர் என்பதாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்பாவிடம் முந்தாநாள் சொன்னேன். வீட்டில் சொன்னால் சுவருக்கும் காது உண்டு, அதனால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை எல்லாம் ஏற்றச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன், கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், “என்ன, மரமா?” என்றார். அப்புறம் கத்திவிட்டேன். “எதுக்குக் கத்துற, கேக்குது” என்றார். புற்றுநோயா என்று ஒரே ஒரு கேள்வி, இல்லை என்றதும் மூச்சை விட்டார். பிறகு, “அப்ப இத்தன வருஷமா வலிச்சது அதனாலயா? பக்கத்துலயே இருக்கேன், எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?” என்றார். சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, முன்பக்கம் பித்தான் வைத்த துணிதான் போட முடியும், மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்று மற்றதைச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தன்னுடைய பழைய சட்டைகளை எடுத்து மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறார். மடிப்பு படு மோசம், நான் மறுபடி தேய்த்து வைத்தேன். ஊருக்கு முதுகு என்றே இருக்கட்டும், எல்லாருக்கும் விளக்கம் சொல்ல நாம என்ன வாத்தியாரா என்கிறார்.

இப்போது எழுதக் கஷ்டமான இடத்துக்கு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்கு வருகிற மாத முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். உனக்கு அதே மாதக் கடைசி. வலி எடுக்கும் முன்னே வந்து உன் பக்கத்தில் இருப்பேன், பிள்ளையை முதலில் என் கையில்தான் வாங்குவேன் என்று உனக்குச் சொன்னவள் நான்தான். ஒரு மாதம் கழித்துத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் பயணத்துக்குச் சம்மதம் சொல்வாராம் டாக்டரம்மா, அதற்குப் பிறகும் கொஞ்ச நாளைக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாதாம். பச்சைப் பிள்ளை எல்லாம் கனமா என்று கேட்டேன், அழுகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து குனிந்து தூக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என்றார். ஆகக்கூடி உன் பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன். சம்பந்தியம்மாவை நானே நேரில் போய்ப் பார்த்தேன், அவரிடம் உண்மையைச் சொன்னேன். “நீங்க உங்க உடம்பப் பாருங்க, அங்க நான் போயிடறேன்” என்றார் அந்த மகராசி. நன்றி சொல்லிவிட்டு அவர் வீட்டுப் படியிறங்கியதும் அவர்மேல் பொறாமையாக இருந்தது. நல்ல மனுஷிமேல் பொறாமைப்படுகிற அளவுக்கு ஆகிவிட்டேன் பார்.

உண்மையைச் சொல்ல உட்கார்ந்த பிறகு பாதியை மறைப்பானேன். இந்தத் தேதியை விட்டால் வரிசையில் கடைசிக்குப் போய், இன்னும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ. நீ ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். நாலு வரி எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதினால் அடுத்த பொய்யாகிவிடும். எனக்கு விட மனமில்லை சிட்டு. வலிக்காக மட்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. துணிக்கடையில் தொங்குகிற ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தோளை நிமிர்த்தி ஒரு நாள் நடக்க வேண்டும் என்று இருக்கிறது. பேரப்பிள்ளை பிறக்கிற வேளையில் இப்படி ஓர் ஆசையா என்று எனக்கே கூசுகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று கஞ்சியக்கா சொல்கிறாள். அவளுக்கென்ன, மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

இன்னொன்று. உனக்கும் என் உடம்பு வாகுதான். டாக்டரம்மா என்னிடம், இனி பிள்ளை பெறுகிற எண்ணம் உண்டா என்று கேட்டபோது சிரித்தேன். இந்த ஆபரேஷன் செய்தால் பிறகு தாய்ப்பால் குறையலாம், சிலருக்குக் கொடுக்கவே முடியாமல் போகலாம், அதனால் கேட்கிறோம் என்றார். அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. உனக்கும் தோள் வலிக்கிறதா? பள்ளத்தில் எதையாவது மடித்து வைத்துக்கொள்கிறாயா? இத்தனை வருஷத்தில் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருந்ததைப் பார்த்துத்தானே நீயும் கற்றுக்கொண்டிருப்பாய். இப்போது கேட்கிறேன், பதில் எழுது. வலித்தால், பிள்ளை பால் மறந்த பிறகு ஒரு டாக்டரைப் போய்ப் பார். செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. என் வயசு வரைக்கும் தள்ளிப் போடாதே.

பாய்லர் சூடாகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். மாப்பிள்ளையிடம் இதை நீயே பக்குவமாகச் சொல், என்னால் முடியாது. அவரோடு சண்டை போட்டதற்கு என் சார்பில் சமாதானம் ஆகிவிடு. உப்பைக் குறை, காலை உயர்த்தி வைத்துப் படு, விமானப் பேச்சை இனி எடுக்காதே. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நிறைந்து இருக்க வேண்டும், அம்மாவின் ஆசி அது ஒன்றுதான். நான் வந்து இறங்குகிற அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வராதே, என் கை தன்னால் நீண்டுவிடும். நான் உள்ளே வந்து, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்த பிறகு கொண்டுவந்து மடியில் வை. தூக்கத்தான் கூடாது என்றார்கள், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன்னை அழவைத்த உன் அம்மா