மேல் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கல்

போன சனிக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். இந்த மாதக் கடைசியில் காலேஜுக்குக் கிளம்புகிறாள். உன் பழைய ஸ்டேஷன் வேகனை உன் வீட்டுக்காரர் அவளுக்கே கொடுத்துவிட்டார். அதைச் சுத்தம் பண்ணும்போது டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடைத்தது என்று ஒரு மேப்பைக் கொண்டுவந்து என் சமையலறை மேஜையில் விரித்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டி, ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய்க் கறையோடு இருந்தது. நாம் வருடா வருடம் போன மலைக் கிராமத்தின் மேப். ஒவ்வொரு பாதையின் பக்கத்திலும் உன் கையெழுத்து, தமிழில்.

"ஆன்ட்டி, அம்மா இதுல என்ன எழுதியிருக்கா? ஐ கான்ட் ரீட் இட்."

தமிழ் காதில் விழுந்தால் அவளுக்குப் புரியும். எழுத்துதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையில் நாலு எழுத்து சொல்லிக்கொடு என்று நான் உன்னை எத்தனை தடவை நச்சரித்திருப்பேன்! "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பாய். உனக்கு எல்லாமே அடுத்த வருஷம்தான்.

விரலை வைத்து வைத்துப் படித்துக் காட்டினேன். புல்வெளியைச் சுற்றும் பாதை: 'சேலை போதும். உட்கார இடம் ஆறு.' ஓடைப் பாதை: 'சேலையைத் தூக்கிச் சொருகணும். உட்கார இடம் நாலு.' அருவிக்குப் போவது: 'பேன்ட் கட்டாயம். உட்கார இடம் இரண்டு, ஒன்றில் எறும்பு.' அவள் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டாள். அப்புறம் அவள் விரல் மேலே, மேல் ஏரிக்கு ஏறும் பாதைக்குப் போனது. அங்கேயும் நீ எழுதியிருந்தாய். நான் அதுவரை பார்த்ததே இல்லை. 'பாதி வழியில் ஒரு கல். இரண்டு பேர் உட்காரலாம்.'

"மை அழிஞ்சிருக்கு கண்ணு, படிக்க முடியல" என்று சொன்னேன். பச்சைப் பொய். மை அப்படியே இருந்தது. என்னால்தான் அந்த வரியை வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. அந்தக் கல்லில் உன்னை உட்காரவைத்தது யார் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

எண்பத்திரண்டு கோடையில் நான் கலிஃபோர்னியாவுக்கு, சான் ரமோனுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கார் ஓட்டத் தெரியாது. நம் இருவர் வீட்டுக்காரர்களும் ஒரே ஆபீஸ் என்பதைத் தவிர உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும் அபார்ட்மெண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை நீ கதவைத் தட்டி, "எல்லாரும் கிளம்புங்க, மலைக்குப் போலாம். தயிர் சாதம் நான் கட்டியாச்சு" என்றாய். யார் இவள், இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. லிவர்மோர் மேட்டைத் தாண்டும்போது காய்ந்த புல் மலைகளின் மேல் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த மின்சாரக் காற்றாடிகளை மாமனார் எண்ணிக்கொண்டே வந்தார். நாலு மணி நேரம் கழித்து, ஒரு தபாலாபீஸும் ஒரு மளிகைக் கடையும் நாற்பது வீடுகளும் இருக்கிற அந்த ஊரில் இறங்கினோம். ஜூன் மாதத்தில், மரத்தடியில் பனி கிடந்தது. மாமியார் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

ரேஞ்சர் பெண்மணி நமக்கு மேப் கொடுத்து, புல்வெளிப் பாதை எல்லாராலும் முடியும் என்று சொன்னாள். நீ அதைத் தமிழில் சொன்னாய். மாமியார் கேட்ட கேள்வி உனக்கு மறந்திருக்காது.

"எல்லாராலயும்னா யாரு? என் முட்டிய அவ பார்த்தாளா? நான் ஒன்பது கஜம் கட்டியிருக்கேன், அது அவளுக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. மேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த வியாழக்கிழமை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நீ தனியாக அந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எப்போதும் பேன்ட் போடுகிற நீ, அன்றைக்கு மட்டும் சேலை கட்டிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மூன்று பாதைகளையும் நடந்து பார்த்திருக்கிறாய். எங்கே தலைப்பு முள்ளில் மாட்டுகிறது, எங்கே கொசுவம் தடுக்குகிறது, எங்கே சாய்ந்து உட்காரலாம், எல்லாம் குறித்துக்கொண்டு வந்தாய். அந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பார்த்து என்ன நினைத்தார்களோ!

அதற்கப்புறம் உன் வீட்டு போன் ஓயவில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிற தமிழ் வீடுகளெல்லாம் உன்னைத்தான் கேட்டன. அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருக்கு, எந்தப் பாதை? அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, எந்தப் பாதை? நீ மேப்பைப் பார்க்காமலே பதில் சொல்வாய். "உட்கார இடம் எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா யார் வேணாலும் நடப்பாங்க" என்பது உன் கட்சி. அது உண்மை என்று என் மாமியாரே நிரூபித்தார். ஆறு இடத்திலும் உட்கார்ந்து, ஆறு இடத்திலும் என் சமையலைக் குறை சொல்லி, முழுச் சுற்றும் வந்துவிட்டார்.

முதல் வருடம் நாம் 'வாங்க, போங்க'தான். ஓடைப் பாதையில் ஈரக் கல்லில் என் கால் வழுக்கியபோது நீ, "ஏய், பார்த்து வைடி காலை!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ எனக்கு நீ. அமெரிக்காவில் என்னை டி போட்டுக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு வழுக்கியதே வலிக்கவில்லை.

மேல் ஏரிக்கு மட்டும் நீ போனதில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாரையாவது கூட்டிக்கொண்டு போவாய். அவர்களில் யாருக்காவது முடியாமல் போகும். அவர்களோடு நீயும் திரும்பிவிடுவாய். கார் நிறுத்தும் இடத்தில் நின்று, மலையில் இங்கிலீஷ் வி மாதிரி வெட்டுண்டிருக்கும் இடத்தைக் காட்டி, "அதுக்குப் பின்னாடிதானாம் ஏரி" என்பாய். நாலு வருடம் இதே பேச்சு. உனக்காக நீ கேட்ட ஒரே இடம் அதுதான்.

எண்பத்தாறு செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் ஸ்கூலில், நாம் இரண்டு பேர் மட்டும் போனோம். "இன்னிக்கு யாருக்கும் முட்டி வலி கிடையாது" என்று நீ ஸ்டியரிங்கைத் தட்டினாய். காடு இருக்கும் வரை நான் நன்றாகத்தான் நடந்தேன். மரங்கள் முடிந்ததும் பாதை மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டு ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. எனக்கு உயரம் பயம் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. இரண்டாம் மாடிப் பால்கனியிலேயே சுவரோடு ஒட்டி நிற்கிறவள் நான். உன்னோடு வருகிற ஆசையில் மறைத்துவிட்டேன். கால் இரண்டும் மரத்துப்போய் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். உன் ஸ்வெட்டர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து ஏரிக்கு இருபது நிமிடம்தான் என்று ரேஞ்சர் சொல்லியிருந்தாள். எதிரே இறங்கிவந்த ஒரு கிழவரும் அதையே சொன்னார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

"என்னடி திடீர்னு நீங்க, வாங்கன்னு?"

வெட்கத்தில் வாய் அப்படிப் பேசியது. வாய்தான் போ என்றது. கை உன் ஸ்வெட்டரை விடவில்லை. நீ ஒரு தடவை மேலே பார்த்தாய், ஒரு தடவை என் கையைப் பார்த்தாய். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாய். "அடுத்த வருஷம் வரலாம். ஏரி எங்க ஓடிடப் போகுது?"

இறங்கும்போது மகளுக்குப் பல்லில் கம்பி போடுவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாய். எனக்குக் கோபம், உன் மேல் இல்லை, என் மேல்.

ஜனவரியில், மாதக்கணக்கில் விடாத உன் இருமலுக்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மதியம், "ஜூலைல மேல பனி உருகிடும், இல்ல?" என்று கேட்டாய். "உருகிடும், போகலாம்" என்றேன். அந்த நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ போகப்போகிறாய் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அங்கேயும் என் பயம்தான் ஜெயித்தது, நீ தோற்றாய். மே மாதம் போய்விட்டாய். அப்போது மேலே பனி இடுப்பளவு இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. யார் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்கு. போன சனிக்கிழமை உன் மகளிடம் பொய் சொல்லி அனுப்பிவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதன்கிழமை போன் பண்ணி, "அன்னிக்கு உங்கிட்ட பொய் சொன்னேன். அந்த வரிய என்னால படிக்க முடியும். அங்க வந்து படிச்சுக் காட்றேன்" என்றேன்.

நேற்றுப் போனோம். அவள்தான் ஓட்டினாள், உன்னை மாதிரியே ஒற்றைக் கையால். மரங்கள் முடியும் இடத்தில் எனக்கு மறுபடியும் அதே மரத்த கால். கல் அங்கேயே இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, மேப்பை மடியில் விரித்து அந்த வரியைப் படித்தேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கம்மா இது வரைக்கும்தான் வந்தா. என்னாலதான். நான் அவ கையை விடல."

அவள் மேப்பில் அந்த வரியை விரலால் தடவினாள். "அம்மா என்கிட்ட சொன்னா, ஆன்ட்டி" என்றாள். "பெரிய கல்லுல உட்கார்ந்து ஆரஞ்சு சாப்பிட்டோம்னு. ஷி நெவர் செட் எனிதிங் அபௌட் எ லேக்."

ஏரியைப் பற்றி நீ அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. மூன்று வருடத்து அழுகை. அதனால் நான் செய்தது சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நீ அந்த ஏரியைப் பார்த்திருக்கவேண்டும். இருபது நிமிடம்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், உன் மகள் தலையைத் தூக்கி மேலே அந்த வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

ஒவ்வொரு விரலாக எடுத்தேன். "நீ போயிட்டு வா" என்றேன்.

"ஆர் யூ ஷ்யூர், ஆன்ட்டி?"

"போடி."

அவள் போனாள். திருப்பத்தில் மறைந்ததும் பாறையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வியர்த்துக்கொட்டியது. தனியாக இருந்தேன், ஆனால் செத்துவிடவில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று உன்னிடம் வாய்விட்டுச் சொன்னேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

ஒரு மணி நேரம் கழித்து ஷூவெல்லாம் ஈரமாக இறங்கிவந்தாள். எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவளே சொன்னாள்.

"அழகா இருக்கு, ஆன்ட்டி. பட் ரொம்பச் சின்னது. ஃபுல்லா ஷார்ப்பான கல்லு. உட்காரவே இடம் இல்ல."

அவளிடம் பேனா வாங்கி, மேப்பில் உன் வரிக்கு மேலே, ஏரியின் பக்கத்தில் அதை எழுதினேன். 'உட்கார இடம் இல்லை.' உன் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். மேப்பை அவளிடமே கொடுத்துவிட்டேன். காலேஜில் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துப் படிக்கிறேன் என்கிறாள், பார்க்கலாம். என்னிடம் இருப்பது உன் ஸ்வெட்டர் கையின் அந்தக் கம்பளிச் சொரசொரப்புதான். அது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, போகாது, போகவும் வேண்டாம்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரஞ்சு உரித்தோம். இடம் சரியாகத்தான் இருந்தது, இரண்டு பேருக்கு.