அம்மை இல்லை

பிப்ரவரி 6, 2024

தங்கச்சி ரெபேக்காவின் மகள் எலைனை மருத்துவமனையிலிருந்து ஸ்கெலட்டன் குடியிருப்பிலுள்ள வீட்டுக்குக் கூட்டிவந்தோம். எட்டு வயது. வலிப்புக்குக் கொடுத்த கார்பமசெபைன் மாத்திரை மூன்றாம் வாரத்தில் அவளைச் சாய்த்துவிட்டது. முதலில் காய்ச்சல், வாய்ப்புண். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். முதுகுத் தோல் போர்வையோடு உரிந்து வந்ததை நான் பார்த்தேன். பிழைத்துவிட்டாள். கண்தான் இன்னும் கூசுகிறது.

வாசலில் எதிர்வீட்டு அம்சவேணி. "இன்னாமா ஆச்சு கொழந்தைக்கு?"

"அம்மை போட்டிருக்குக்கா" என்றாள் ரெபேக்கா.

பிப்ரவரி 7

ஏன் பொய்?

"ஃபிட்ஸ்னு தெரிஞ்சா ஸ்கெலட்டன் பூரா பேசும்ணா. பொம்பளப் புள்ள. பேப்பர்ல கீப்பர்ல போட்டுடாதீங்க."

முப்பது வருடமாக அடுத்தவன் வீட்டு உண்மையைக் கேட்டு எழுதுகிறேன். என் வீட்டில் மட்டும் வாயை மூடணுமா? முடியாது.

பிப்ரவரி 29

பள்ளியில் எலைன் வலிப்பு வந்து விழுந்தாள். ரெபேக்கா தினமும் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில். ஆனி டீச்சர் எனக்கு போன் செய்துவிட்டுக் குழந்தையை கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார். நான் நுழையும்போது டாக்டர் கையில் ஊசி.

"என்ன மருந்து?"

"ஃபெனிடாயின்."

கத்திவிட்டேன். கார்பமசெபைன் ஆகாத உடம்புக்கு இதுவும் ஆகாமல் போகலாம் என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் உடனே வேறு மருந்து போட்டார்.

"அம்மை வந்துச்சுன்னுதானே சார் எங்ககிட்ட சொன்னாங்க," என்றார் ஆனி. அவர் மேல் என்ன தப்பு?

மார்ச் 1

எழுதப்போகிறேன் என்று ரெபேக்காவிடம் சொன்னேன்.

"எழுதுங்க. அதோட எனக்கு அண்ணனே இல்ல."

இருந்தும் எழுதினேன். பெயர்கள் இல்லாமல். இன்னும் அனுப்பவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். "அம்மையிலிருந்து மகளுக்கு சுகம் கிடைத்ததைப் பற்றி சகோதரி சொல்வார்" என்றார் போதகர். ரெபேக்கா மைக்கை வாங்கினாள்.

"அம்மை இல்ல. எம் பொண்ணுக்கு ஃபிட்ஸ். அதுக்குக் குடுத்த மாத்திரைதான் அவ தோலை உரிச்சுது. பேரு கார்பமசெபைன். அவ எங்க விழுந்தாலும் டாக்டர்கிட்ட மொதல்ல இதச் சொல்லுங்க. நான் சொல்லாததால போன மாசம் பறிகொடுக்கப் பாத்தேன்."

பின்வரிசையில் முணுமுணுப்பு. ரெபேக்கா மைக்கை விடவில்லை.

"இன்னா மொணமொணப்பு அங்க? கேக்கணும்னா எந்திரிச்சுக் கேளுங்க."



மார்ச் 11

கட்டுரையை ரெபேக்காவிடம் காட்டினேன். ரயிலுக்கு நேரமாகியும் நின்றபடியே முழுதும் படித்தாள். "யார் இது, 'ஒரு தாய்'?" என்றாள். பேனாவை வாங்கி, அதை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: ரெபேக்கா, ஸ்கெலட்டன்.