மரபணுவுக்கு முறை கிடையாது

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. நேற்று மாத்திரை வாங்கப் போனபோது அங்கே வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கு என் கால் தானாக நின்றுவிட்டது. மலைமேல் வரை போய் மோட்டார் கழற்றி வந்த உன் சட்டையில் முப்பது வருடம் இருந்த வாசனை. நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. நகர மனமில்லை. கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

இதை எழுதுவது சரியா என்று இன்னும் தெரியவில்லை. முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தாளுக்கு வந்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியும்.

உன் மகளை அவளுடைய தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தாய். சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்றார்கள் எல்லோரும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன உயிரியல் ஆசிரியரான நானும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டு வயதில்தான் உறுதியானது. வேலூரில் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு நீ என் வீட்டுக்கு வந்தாய். மகளும் கூட வந்தாள். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி.

"இன்னா வாத்தியாரே, பாதி இங்கிலீஷு, பாதி கிறுக்கலு. நீதான் படிச்சிச் சொல்லணும்."

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். மரபணு என்பது உடம்பைக் கட்டுவதற்கான ஒரு குறிப்பு. ஒவ்வொரு குறிப்புக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. அப்படி வேறுபடும் வடிவங்களுக்குத்தான் அல்லீல் என்று பெயர். பத்து நிமிடம் பேசியிருப்பேன். நீ ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டாய்.

"ரெண்டு பேஸ் கரண்டு மாதிரி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல லைட்டு எரியும். ரெண்டும் போனாத்தான் இருட்டு. எம் பொண்ணுக்கு ஒண்ணு போயிகீது, மாப்ளைக்கு ஒண்ணு போயிகீது. வெளிய தெர்ல. சரிதான?"

"சரிதான்" என்றேன். இத்தனை வருடம் பாடம் எடுத்த எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்றேன். பிறகு நான்கு கட்டம் போட்டேன். மூன்றில் காது கேட்கும். ஒன்றில் கேட்காது. நாலில் ஒன்று.

நீ கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். உங்கள் நிலத்துக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. நாலு நாளைக்கு ஒரு தரம் உன் முறை; பாய்ச்சி முடித்தால் அடுத்த மூன்று நாள் மோட்டார் பக்கமே போக முடியாது. முறை தப்பினால் அரிவாள் எடுக்கிற ஊர். நீ மகள் பக்கம் திரும்பினாய்.

"அப்புறம் இன்னாம்மா? நாலுல ஒண்ணு. நம்ம முறை வந்துட்டுப் போய்டுச்சி. இனிமே மூணும் நல்லதுதான். அழுவாத."

அவள் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் சிரித்தாள். நீ என்னைப் பார்த்தாய்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டத்தைப் புதிதாகப் போட வேண்டும். முன்னால் பிறந்தது எது என்று அதற்குத் தெரியாது. எல்லாத் தடவையும் அதே நாலில் ஒன்றுதான். இந்த மூன்று வாக்கியங்களும் என் வாய்க்குள் தயாராக இருந்தன. அந்தச் சிரிப்பைக் கலைக்கத் தைரியம் வரவில்லை. தலையை ஆட்டினேன். பிறகு உன்னிடம் தனியாகச் சொல்லலாம் என்று இரண்டு தரம் உன் காயில் கடை வரை வந்தேன். இரண்டு தரமும் ஆட்கள் இருந்தார்கள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாவதும் பெண். அவளுக்கும் கேட்கவில்லை.

நீ வந்து சண்டை போட்டிருக்கலாம். டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "முறைல இன்னாவோ குளறுபடி ஆயிப்போச்சி வாத்தியாரே. உன்மேல தப்பு இல்ல, நீ கட்டம் சரியாத்தான் போட்ட" என்றாய். அப்போதும் சொல்லவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்வரை சொல்லவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்தாள். மூத்த பேத்தியும் வந்தாள். வாணியம்பாடியில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். உன்னைப்போலவே நிமிர்ந்து உட்காருகிறாள். அவளை உன் மகன் பையனுக்குக் கேட்கிறார்களாம்.

"பொறக்கற புள்ளைங்களுக்கு எப்பிடி இருக்கும் பெரிப்பா?"

முதலில் பழையதைச் சொன்னேன். முறை என்று நீ சொன்னது தப்பு, அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். பிறகுதான் அவள் கேட்டதற்கு வந்தேன். பேத்தியிடம் இரண்டும் அந்தப் பழுதான அல்லீல்தான். பையனிடம் அதில் ஒன்று மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காது கேட்காமல் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லையென்றால் பயமில்லை. ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் பிள்ளை எப்படிப் பிறந்தாலும் அடுத்ததற்கு அது உத்தரவாதம் இல்லை.

உன் மகள் அதையெல்லாம் கைகளால் பேத்திக்குச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா சின்னவள பெத்திருக்க மாட்டேன் பெரிப்பா."

கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பேத்தியின் விரல்கள் வேகமாக அசைந்தன. உன் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "தங்கச்சி இல்லன்னா வூட்ல நான் யார்கூட பேசியிருப்பேன்னு கேக்குறா. வாயாடி."

அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. சின்னவள் பிறந்தது நல்லது. நான் வாயை மூடிக்கொண்டது தப்பு. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு வயது போதாது போலிருக்கிறது, அல்லது மிஞ்சிவிட்டது.

வியாழக்கிழமை பையனின் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. தாளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கடைசி வரி வரை படித்துச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், தாளை மட்டும் பார்த்துப் படிக்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.