மச்சினன் கிடாரில் அந்த ஒலி

மார்ச் 3, திங்கள்

மனைவி வாசிக்கும் ராக் குழுவின் கிடார்காரர் விலகிவிட்டார். டிரம்மரே தொலைபேசியில் சொன்னார். மாதக் கடைசி நிகழ்ச்சி முழுக்க ஒரு பழைய போஸ்ட்-பங்க் ராக் குழுவின் பாடல்கள். அவர்களுடைய கிடார் ஒலியை அப்படியே கொண்டுவரும் ஆள் வேண்டுமாம். பல வருடமாக நான் துரத்துகிற ஒலி அது. வேறு யார் இருக்கிறார்கள்?

குழுவில் பேஸ் கிடார் வாசிப்பது என் மனைவி. சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். “தம்பியையும் வரச் சொல்லியிருக்கேன். சும்மா, ரெண்டு பேரையும் கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.”

சும்மாவாம்.

மார்ச் 5, புதன்

அவர்களுடைய ஒலிப்பதிவை ஓடவிட்டு, கூடவே வாசித்துப் பார்த்தேன். வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒலியை அடர்த்தியாக்கும் கோரஸ் பெடல், எதிரொலி தரும் டிலே பெடல். எதிரொலி ஒவ்வொன்றும் தாளத்தில் வந்து விழுந்தது. ஆம்பின் பேஸ் குமிழைத் திருகி அடித்தொனியைக் கூட்டினேன்; அறையே நிறைந்தது. கண்ணை மூடினால் ஒலிப்பதிவில் கிடார் வாசிக்கும் அந்த மனிதரேதான்.

மச்சினனிடம் இருப்பது ஒரு மலிவுக் கிடார், ஓர் இரவல் ஆம்ப். பாவம்.

மார்ச் 8, சனி

பயிற்சி அறையில் முதலில் அவன் தனியாக வாசித்தான். தகர டப்பாவை ஆணியால் கீறுவது போல இருந்தது. கீச்சொலிக்கான டிரெபிளை முழுக்கத் திருகி, பேஸைச் சுத்தமாகக் குறைத்திருந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு நான் வாசித்தேன். “சார், ஸ்டுடியோவுல கேக்குற மாதிரி இருக்கு!” என்றார் டிரம்மர்.

அதன்பின் குழுவோடு. டிரம்ஸும் பேஸும் எழுந்ததும் என் கிடார் ஒலியையே காணவில்லை. டிரம்மர் குச்சியைத் தூக்கிக் கேட்டார்: “வாசிக்கிறீங்களா சார், இல்ல பார்த்துட்டு இருக்கீங்களா?”

அடுத்து மச்சினன் குழுவோடு வாசித்தான். அதே தகரக் கீறல்தான். ஆனால் பேஸும் டிரம்ஸும் விட்டுவைத்த இடத்தில் கத்தி போல இறங்கியது. ஒலிப்பதிவில் இருப்பது அதுவேதான். இத்தனை வருடமும் நான் தனியாக உட்கார்ந்து கேட்டு ஏமாந்திருக்கிறேன்; அந்த நிறைவு கிடாருடையதல்ல, பேஸும் டிரம்ஸும் தந்தது.

என் மனைவி அவனைப் பார்த்துச் சிரித்தபடி வாசித்தாள். என்னோடு வாசிக்கும்போது தரையைத்தான் பார்ப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

வயிறு எரிகிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மச்சினன் தானாகவே வந்தான். நான் கூப்பிடவில்லை.

“மாமா, தனியா கேட்டா என் சவுண்டு கேவலமா இருக்கு. உங்களோடது எவ்வளவு நிறைவா இருக்கு! நான் என்ன பண்ணட்டும்?”

“பேஸைக் கூட்டு. டிரெபிளைக் குறை. எதிரொலியும் கொஞ்சம் சேர்த்துக்கோ.”

இங்கேயே அப்படி வைத்து, தனியாக வாசித்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னதில் பொய் எங்கே?

“நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனான். அதை ஏன் சொன்னான்? சொல்லாமலே போயிருக்கலாமே —

மார்ச் 15, சனி

இரண்டாம் பயிற்சி, நேராகக் குழுவோடு. முதலில் நான். டிரம்மர் பாட்டு முடியும்வரை பொறுக்கவில்லை: “இதான் சார்! இதேதான்! அந்த மனுஷனே வந்து நிக்கிறாரு!”

அடுத்து மச்சினன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது போல இருந்தது. என் மனைவி பாதியில் நிறுத்தினாள். “டேய், உன் கிடார் எங்கடா? கிணத்துல போட்டுட்டியா?”

“மாமாதான்க்கா இப்படி வைக்கச் சொன்னாரு. வீட்ல நல்லாத்தானே இருந்துச்சு?”

குறையாகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்னான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் ஆம்பைப் பார்த்தாள். அதில் டிரெபிள் கடைசிவரை திருகியிருந்தது. பேஸ் பூஜ்யத்தில் இருந்தது. கிடாரைப் பெட்டியில் வைத்து, தம்பியின் வண்டியில் வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

நிகழ்ச்சியில் கிடார் வாசிப்பது நான். டிரம்மர் காலையில் உறுதி செய்தார். மச்சினனும் கூப்பிட்டான்: “கலக்குங்க மாமா. ஆம்பைத் தூக்க ஆள் வேணுமா? நான் வரேன்.”

பேஸ் வாசிப்பது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை சொல்வதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். இதையும் டிரம்மர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.