ஒன்பது வருஷ நட்சத்திரமும் என் இடது கண்ணும்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, என் லோடு வண்டி எல்லோரும் சுகம், வண்டிக்கு மட்டும் இடது பக்கம் கொஞ்சம் கீறல். அந்த மலை உச்சிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். முதல் வேலையாக விமான டிக்கெட் வாங்காதே, வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. காரணம் சொல்கிறேன், அதற்குள் அம்மாவுக்குப் போன் போடாதே, அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள், உன்னோடு பேசினால் அழுவாள்.

எல்லாம் நீ சொல்லிக் கொடுத்த கட்டை விரல் வித்தையில் ஆரம்பித்தது. கையை நீட்டி விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார், பிறகு அதைத் திறந்து மற்ற கண்ணை மூடிப் பார், விரல் இடம் மாறிக் குதிக்கும், பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு தடவையும் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனதும் ஒரு தடவையும் பார்த்தால் பக்கத்து நட்சத்திரமும் அப்படித்தான் நகரும், அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறோம் என்றாயே. அதை மெக்கானிக் ஷெட் வாசலில் செய்து காட்டினேன். இடது கண்ணை மூடினேன், விரலும் இருந்தது, பின்னால் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. வலது கண்ணை மூடினேன், விரல் குதிக்கவில்லை, தொட்டியோடு சேர்ந்து காணாமலே போய்விட்டது. என் மகளுடைய வித்தையெல்லாம் படித்தவர்களுக்குத்தான் பலிக்கும் போலிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக ரோட்டோரம் நின்று விரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள். வழியில் போன பஸ் ஒன்று நின்றுவிட்டது, எங்கே போகணும் என்று டிரைவர் கேட்டார், எங்கேயும் போகவில்லை, நட்சத்திரத்தின் தூரம் பார்க்கிறோம் என்றேன், அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எல்லோருக்கும் விரல் குதித்தது, எனக்கு மட்டும் இல்லை. மெக்கானிக் என் வண்டியைச் சுற்றி வந்து, கீறல் முழுக்க ஒரே பக்கம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, விரல்ல ஒண்ணும் கோளாறு இல்ல. உங்களுக்கு இடது பக்கம் லைட்டு அவுட்டு" என்றான்.

சாவியை அவனே பிடுங்கி வைத்துக்கொண்டு என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். புரை முற்றிவிட்டது என்று டாக்டரம்மா ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். உன் அம்மா உடனே உனக்குப் போன் போட்டதும், அன்றைக்கு எனக்கு முக்கியமான வேலை எதுவும் இல்லை, வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். உன் அம்மா நம்பினாள். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன், அதனால் காதில் விழுந்ததையெல்லாம் மண்டையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். போன தடவை வந்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டே, ஒரு ஜோடி நட்சத்திரம் இருக்கிறது, ஒன்றை ஒன்று சுற்றுகிறது, ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றின் முன்னால் மற்றது போய் வெளிச்சம் மங்கும், எவ்வளவு நேரம் மங்குகிறது என்று பார்த்தால் இரண்டும் எவ்வளவு பெரிசு என்று தெரிந்துவிடும், அன்றைக்குப் பெரிய தொலைநோக்கி எனக்குக் கிடைத்தால் போதும் என்றாயே, தேதியும் சொன்னாயே. அதே தேதிதான். நான் படுத்திருந்து யோசித்தேன். அந்த நட்சத்திரம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிறது, கண் டாக்டரோ தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். இதில் யாரைத் தள்ளிப்போடச் சொல்வது?

டாக்டரம்மாவிடம் போய் என்னை முன்னால் முடித்துவிடுங்கள் என்றேன், விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, யாரோ வராமல் போன இடத்தில் என்னைப் போட்டுக்கொண்டார். வீட்டில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், துணைக்கு மெக்கானிக் வந்தான். ஆக, ஆபரேஷன் முடிந்துவிட்டது பாப்பா. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததால் என்னை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். இதை எழுதுகிறவர் பக்கத்துக் கட்டில்காரர், பத்திரம் எழுதுவது தொழில், அவருக்கு இன்னும் ஒரு கண்ணில் கட்டு, அதனால் வரி சரிந்து போனால் மன்னித்துக்கொள். மேற்படி இடது கண் என்றுதான் எழுதுவேன் என்று அடம் பிடித்தார், சண்டை போட்டுத் தடுத்திருக்கிறேன். என் மகள் நட்சத்திரத்துக்கு எடையும் பார்ப்பாள் என்று நான் சொன்னதும் தராசு யார் பிடிப்பது, சாட்சி யார் என்று கேட்டார். குண்டனும் ஒல்லியனும் கைகோத்துச் சுற்றினால் குண்டன் நின்ற இடத்திலேயே அசைவான், ஒல்லியன்தான் பறப்பான், அந்த ஆட்டத்தை வைத்தே எடை சொல்லிவிடுவாள் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு வார்டில் எடை அதிகம் யாருக்கு என்று பார்த்தார்.

இன்று காலை என் கட்டைப் பிரித்தார்கள். ஆபரேஷன் ஆன கண்ணுக்குச் சுவர் பாலாக வெளுத்துத் தெரிகிறது, மற்ற கண்ணுக்கு அதே சுவரில் டீயைக் கொட்டின மாதிரி இருக்கிறது. நீல நட்சத்திரம் கொதிக்கிற சூடு, சிவப்பு அதைவிடத் தணிந்தது, ஆனால் நடுவில் தூசி இருந்தால் நிறம் சிவந்து ஏமாற்றும், தூசியைக் கழித்துவிட்டுத்தான் சூட்டைச் சொல்ல வேண்டும் என்று நீ சொன்னபோது சாக்குப் போக்கு சொல்லுகிறாய் என்றேன். இல்லை, நியாயமான பேச்சுதான். விரலும் நன்றாகக் குதிக்கிறது, நர்ஸம்மா இரண்டு முறை அதட்டியாகிவிட்டது.

உன் அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. நீ வருவாய் என்று மெத்தையெல்லாம் வெயிலில் போட்டு எடுத்திருந்தாள். என்னைக் கட்டோடு பார்த்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், அது திட்டைவிட மோசம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா வந்து வலது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, அவசரமில்லை, நாலைந்து மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதை என் மகள் வந்த பிறகுதான் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். "அந்தக் கண்ணையாவது அவளுக்கு வையுங்க. அதையும் திருட்டுத்தனமா முடிச்சிட்டு வந்தீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது" என்றாள். பத்திரக்காரர் சாட்சி.

வலது கண்ணும் சரியாகும்வரை மெக்கானிக் வண்டிச் சாவியைத் தரமாட்டானாம், நானும் கேட்கப்போவதில்லை. நீ நீண்ட ஆயுசோடு, நினைத்தது கைகூடி நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்கு மலை மேல் காதை மூடிக்கொள், கம்பளித் தொப்பியை மறக்காதே. அந்த ஜோடியை நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டு வா, வலது கண்ணை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா